ஏரியின் பரப்பு 0.0004 என்று வருவது ஏன்?

கேள்வி: முதலாமாண்டு புவியியல் படிக்கிறேன். ஜிஐஎஸ் (கணினி வரைபட) செய்முறைக்காகத் திண்டுக்கல் அருகே ஓர் ஏரியை கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரைந்தேன். பரப்பு 0.0004 என்று வருகிறது. ஏரியைச் சுற்றி 1 கி.மீ. பஃபர் (சுற்று வளையம்) போட நினைத்து 1 என்று கொடுத்தால், மதுரையும் திருச்சியும் அதற்குள் வந்துவிட்டன. லேயரின் சிஆர்எஸ்ஸை (ஆயத்தொலைவு முறையை) யூடிஎம் (மீட்டரில் அளக்கும் முறை) என்று மாற்றியதும் ஏரியையே காணோம். எங்கே தவறினேன்?

பதில்: ஏரி எங்கும் போகவில்லை, கடலில் கிடக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் வரைந்த லேயர் டபிள்யூஜிஎஸ் 84 என்ற சிஆர்எஸ்ஸில் (அதன் குறியீட்டு எண் 4326) இருக்கிறது. அதில் எல்லாமே அட்சரேகை, தீர்க்கரேகை, அலகு டிகிரி. ஆகவே 0.0004 என்பது சதுர டிகிரி. நம் பக்கத்தில் ஒரு டிகிரி ஏறத்தாழ 110 கி.மீ.; ஒரு சதுர டிகிரி சுமார் 12,100 ச.கி.மீ. பெருக்கிப் பாருங்கள், உங்கள் ஏரி கிட்டத்தட்ட 5 ச.கி.மீ. வரும். பஃபருக்கு நீங்கள் கொடுத்த 1 என்பதும் ஒரு டிகிரிதான். திருச்சி உள்ளே வராமல் என்ன செய்யும்?

சரி, காணாமல் போன கதை. 'செட் லேயர் சிஆர்எஸ்' என்பது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், உள்ளே இருக்கும் எண்களைத் தொடாது. பத்திரத்தில் 'சென்ட்' என்பதை அடித்துவிட்டு 'ஏக்கர்' என்று எழுதினால் நிலம் பெருகிவிடுமா? 78, 10 என்ற டிகிரிகளை மென்பொருள் மீட்டர் என்று நம்பி, ஏரியை நிலநடுக்கோட்டை ஒட்டி இந்தியப் பெருங்கடலில் வைத்துவிட்டது. அதுவும் வெறும் 4 சதுர சென்டிமீட்டர் ஏரியாக! இந்தத் தவறைச் செய்யாத மாணவரை நான் பார்த்ததில்லை.

முதலில் லேயரைப் பழையபடி 4326க்குத் திருப்புங்கள். பிறகு பிராசஸிங் டூல்பாக்ஸில் 'ரீபிராஜெக்ட் லேயர்' எடுத்து யூடிஎம்முக்கு மாற்றுங்கள். எண்களே மாறிய புதிய லேயர் கிடைக்கும். இனி எல்லாம் மீட்டரில்தான். பஃபருக்கு 1000 கொடுக்க வேண்டும்.

யூடிஎம் உலகை நெடுக்காகப் பல மண்டலங்களாகப் பிரிக்கிறது. எந்த மண்டலம் என்பதில் உங்கள் ஊருக்கு ஒரு வேடிக்கை உண்டு. 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே 43வது மண்டலம் (எண் 32643), கிழக்கே 44வது (32644). கோவைக்கு 43, சென்னைக்கு 44 என்பதில் குழப்பமில்லை. திண்டுக்கல் நகரமோ அந்த 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கிறது. எதை எடுத்தாலும் பரப்பில் வரும் பிழை ஆயிரத்தில் இரண்டு பங்குதான். ஆனால் ஒரு பிராஜெக்ட் முழுக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 என்ற சிஆர்எஸ்ஸில் மட்டும் பரப்பை அளக்காதீர்கள். அதுவும் மீட்டர்தான், எண்ணும் நம்பும்படியாகவே இருக்கும். ஆனால் உங்கள் அட்சரேகையில் 3, 4 சதவீதம் கூட்டிக் காட்டும். 0.0004ஐப் பார்த்ததும் சந்தேகம் வந்தது, 5 ச.கி.மீ. ஏரிக்கு 5.2 என்று வந்தால் வராது.