மக்காச்சோளக் கதிர்ல நுனி பொக்கையா இருக்கு, விதை போலியா?

அண்ணே, பெரம்பலூர் பக்கம் தை கடைசில போர் தண்ணிய நம்பி போட்டேன், கதிர் நுனியெல்லாம் பொக்கை, விதை போலியான்னு கேட்டிருந்தீங்க. எனக்கென்னமோ விதை மேல சந்தேகம் வரல. கதிர்ல ஒவ்வொரு மணிக்கும் ஒரு நூல், அதாவது தோகைக்கு வெளிய தொங்குற பட்டு மாதிரி இழை, இருக்கும்; அதுல அடிப்பக்க நூல்தான் முதல்ல வெளிய வரும், நுனி நூல் கடைசி, தண்ணி பத்தலன்னா அது இன்னும் லேட்டாகி வெளிய எட்டிப்பாக்குறதுக்குள்ள மேல ஆண் பூ மகரந்தத்த கொட்டி முடிச்சிரும், அப்புறம் நுனில மணி பிடிக்காது. அதுலயும் பங்குனில 38 டிகிரி வெயில்னா மகரந்தமே செத்துப்போகும், இப்பெல்லாம் மாசிலயே சூடு ஏறிடுது.

பிந்திப் பூத்த செடில ஒரு கதிர ஒடிச்சு தோகைய மெதுவா உரிச்சு ஆட்டிப் பாருங்க, நூல் உதிர்ந்த இடத்துல மணி பிடிச்சிருக்கு, ஒட்டிட்டே நின்னா பிடிக்கல.

அடுத்த தடவ போர்ல எவ்ளோ கம்மியா வந்தாலும் 45லருந்து 65 நாள் வரைக்கும் மட்டும் காய விட்டுடாதீங்க, பத்தலன்னா ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சுங்க. முடிஞ்சா புரட்டாசிப் பட்டத்துக்கே மாறிடுங்க, கார்த்திகைல பூக்கும், வெயில் தொல்லை இருக்காது. ஆனா கரிசல்ல மழை ஒரேடியா கொட்டி தண்ணி நின்னா வேர் மூச்சடைச்சு செடி மஞ்சளாயிரும், அதனால பார் (மேட்டு வரப்பு) போட்டு விதைங்க, வடிகால் முன்னாடியே வெட்டிடுங்க.