பிளக்-இன் ஹைப்ரிடா, முழு மின்சார காரா?

கேள்வி: கோவையில் சொந்த வீடு. வேலைக்குப் போய்வர தினமும் 35 கி.மீ. மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் அம்மாவைப் பார்த்து வருவேன். பட்ஜெட் 17 லட்சம். "ஊருக்குள் கரன்ட், வெளியூருக்கு பெட்ரோல். பிளக்கில் சார்ஜ் போடவும் பெட்ரோலில் ஓட்டவும் முடிகிற பிளக்-இன் ஹைப்ரிட் வாங்குங்கள். முழு பேட்டரி கார் அங்கே நிலக்கரி மின்சாரத்தில்தானே ஓடும்?" என்கிறான் ஜெர்மனியில் இருக்கும் மகன். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் ஒரு விஷயம். உங்கள் பட்ஜெட்டில் பிளக்-இன் ஹைப்ரிட் இங்கே கிடைக்காது. வருவதெல்லாம் சொகுசு கார்கள்தான். ஷோரூமில் "ஹைப்ரிட்" என்று காட்டும் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா போன்றவை ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது ஓடும்போது பேட்டரி தானே சார்ஜ் ஆகும் பெட்ரோல் கார்கள். அவற்றை பிளக்கில் மாட்ட முடியாது, பேட்டரியும் மிகச் சிறியது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிளக்-இன் ஹைப்ரிடில் பேட்டரி சிறியது, அதனால் தோண்டியெடுக்கும் லித்தியமும் குறைவு. ஆனால் அந்த நன்மையெல்லாம் தினமும் இரவு பிளக்கில் மாட்டுகிறவருக்குத்தான். 2021-ல் ஐரோப்பாவில் பதிவான கார்களின் உண்மையான எரிபொருள் கணக்கை ஐரோப்பிய ஆணையம் எடுத்துப் பார்த்தபோது, பிளக்-இன் ஹைப்ரிட்கள் சோதனைக்கூடத்தில் காட்டியதைப்போல சராசரியாக மூன்றரை மடங்கு கரியமில வாயுவை வெளியிட்டது தெரிந்தது. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் போடவில்லை என்பதுதான் முக்கியக் காரணம். எஞ்சின், மோட்டார் இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டு பெட்ரோலிலேயே ஓட்டுவது எனக்கு வருத்தம் தரும் வீண் செலவு.

நிலக்கரிக் கேள்விக்கு வருவோம், அது சரியான கேள்வி. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நடுத்தர மின்சார கார் 100 கி.மீ. ஓட 15 யூனிட் தேவை என்றால் பத்தரை கிலோ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காரில் 15 கிலோ. 20 கி.மீ. தரும் ஸ்ட்ராங் ஹைப்ரிடில் பதினொன்றரை கிலோ. ஆக, வாரியத்து மின்சாரத்தில் மட்டும் ஓட்டினால் மின்சார காரும் ஸ்ட்ராங் ஹைப்ரிடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதற்கு மேல், பெரிய பேட்டரியைத் தயாரிக்கும்போதே மூன்று, நான்கு டன் வெளியாகிவிடுகிறது. பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் நீங்கள் ஓட்டும் அளவுக்கு அது ஈடாக நான்கைந்து வருடம் ஆகும்.

ஆனால் உங்களுக்குச் சொந்த மொட்டைமாடி இருக்கிறதே! 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். நாளுக்கு சராசரியாக 12 யூனிட் வரும். காருக்கு மாதம் 200 யூனிட் போதும், மீதி வீட்டுக்கு. அப்போது அந்த நான்கைந்து வருடம் ஒன்றரை வருடமாகச் சுருங்கிவிடும்.

பணக் கணக்கிலும் மின்சார கார்தான் முன்னால். ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மேலே சொன்ன ஹைப்ரிட்களுக்கு 40. சாலை வரிச் சலுகை இப்போது எவ்வளவு என்பதை மட்டும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் 1,300 கி.மீ. ஓட்ட, யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 2,000 ரூபாய். ஹைப்ரிடில் 6,500, சாதாரண பெட்ரோல் காரில் 8,700 வரை ஆகும்.

மதுரை 210 கி.மீ.தான். டாடாவின் மின்சார காரான நெக்ஸான் இ.வி.யின் 45 கிலோவாட்-மணி (45 யூனிட்) பேட்டரி, ஏசி போட்டாலும் ஒருவழிக்குத் தாங்கும். திரும்பி வர, அம்மா வீட்டில் எர்த் சரியாக உள்ள ஒரு 15 ஆம்பியர் பிளக் வேண்டும், இரவு முழுக்க மாட்டிவிடலாம். எலக்ட்ரீசியனை அழைத்து அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டி வழக்கம், கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்று வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் யோசியுங்கள், பழைய மின்சார கார்கள் விலை போவது இன்னும் சுமார்தான். நீங்கள் பத்து வருடம் வைத்திருப்பவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வாடகை வீடு. பார்க்கிங்கில் பிளக் கிடையாது. எனக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை. தினமும் பொது சார்ஜரை நம்பினால் யூனிட் செலவு இரண்டு மடங்காகும், காத்திருப்பும் சேரும். வீட்டு இணைப்பிலிருந்தே கார் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதைக் காட்டி, வீட்டு உரிமையாளரிடமும் அசோசியேஷனிடமும் உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு லைன் இழுக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் இப்போதைக்கு ஸ்ட்ராங் ஹைப்ரிட் போதும். அலுவலகத்துக்கு மெட்ரோ இருந்தால், இருக்கிற காரையே இன்னும் சில வருடம் ஓட்டுவது இன்னும் நல்லது.