அவன் அம்மாவைப் பார்க்கப் போங்கள்

வணக்கம் ஐயா,

ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன் போன மார்கழியில் இறந்துவிட்டான். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பியவன்மீது, குடித்துவிட்டு ஒருவர் ஓட்டிவந்த கார் எதிரே வந்து மோதிவிட்டது. அவர் பக்கத்து ஊர்க்காரர். ‘வேண்டுமென்றா செய்தார், விதி’ என்று பெரியவர்கள் பேசி முடிக்கப் பார்க்கிறார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. அவனை நினைத்தாலே சாலையில் கிடந்த அவனுடைய ஒற்றைச் செருப்புதான் கண்ணில் நிற்கிறது. முப்பது ஆண்டுச் சிநேகிதத்தில் அது மட்டும்தான் மிஞ்சுமோ என்று பயமாக இருக்கிறது. அவன் அம்மா எதிரில் வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாட்கள் எதுவும் எழுத முடியவில்லை. உங்களுக்கு அந்தச் செருப்புப்போல எனக்கு ஒரு சைக்கிள் டைனமோ.

என் நண்பன் போனது 1996இல். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் வேலை முடித்து, இரவு எட்டயபுரம் சாலையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். வயது பத்தொன்பது. பின்னால் வந்து மோதிய ஜீப்பிலிருந்து, ஓட்டியவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துத்தான் இறக்கினார்கள். அவ்வளவு போதை. வழக்கு வந்தபோது, சைக்கிளில் விளக்கே எரியவில்லை என்று அவர் தரப்பில் வாதாடினார்கள்.

விளக்கு எரிந்தது. இரண்டு நாள் முன்புதான் நானும் அவனும் அதைச் சரிசெய்தோம். டயரில் உரசும் டைனமோவின் தலை தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. பழைய டியூபில் ஒரு துண்டு கத்தரித்து அதற்குத் தொப்பி மாதிரி மாட்டினான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி என்னைப் பெடலைச் சுற்றச் சொன்னான். விளக்கு எரிந்ததும், அந்த வெளிச்சத்தில் விரல்களை மடக்கிச் சுவரில் மான் தலை காட்டினான். நான் சுற்றுவதை நிறுத்தினால் மான் மங்கிவிடும். ‘சுற்றுடா, சுற்றுடா’ என்று கத்தினான்.

இதைச் சொல்ல என்னை எந்தக் கூண்டிலும் ஏற்றவில்லை. ஓட்டியவர் அபராதம் கட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றைய சட்டத்தில் 304அ பிரிவு, கவனக்குறைவால் மரணம். மிஞ்சிப்போனால் இரண்டு ஆண்டு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 106ஆம் பிரிவு அதை ஐந்தாண்டாக உயர்த்தியிருக்கிறது.

விதி என்று சொல்லும் பெரியவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. நாளைக்கும் அதே முகங்களைப் பார்த்து வாழ வேண்டியவர்கள். ஆனால், குடித்த கை வண்டிச் சாவியை எடுக்கும் அந்த நிமிடத்தை விதியின் தலையில் கட்ட நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். 2006இல் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் உறங்கிய கூலித் தொழிலாளர்கள் ஏழு பேரைக் கொன்ற கார் வழக்கில், ஓட்டியவர் குடித்திருந்தார். அது வெறும் கவனக்குறைவு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2012இல் ஏற்கவில்லை. விளைவு தெரிந்தே செய்த செயல் என்று 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியில் தண்டனையை உறுதிசெய்தது. உங்கள் ஊரில் பேசி முடிக்க வருகிறவர்களிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: இரு தரப்பும் சமாதானமாகி முடித்துக்கொள்ளும் வகைக் குற்றமாகச் சட்டம் இதை வைக்கவே இல்லை. இழப்பீட்டு வழக்கு தனி. அந்த வீட்டார் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். உடன் போய் வாருங்கள்.

இனி அந்த அம்மா. நானும் உங்களைப்போலவே ஒதுங்கினேன், பதினோரு ஆண்டுகள். எந்த முகத்தோடு போவது என்று தயங்கித் தயங்கி, 2007இல் ஒரு மாலை போய் நின்றேன். அழுவார்கள் என்று நினைத்தேன். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். “அவன் எப்படிச் செத்தான் என்றுதான் எல்லாரும் வந்து சொல்கிறார்கள். நீ வேறு எதையாவது சொல்லப்பா” என்றார்கள்.

மான் தலையைச் சொன்னேன். அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. எந்தக் கையால் காட்டினான் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன், இடது கை. “ஆமாம், சோற்றுக்கும் அந்தக் கைதான் நீளும், அடிப்பேன்” என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் அழுதார்கள். எழுந்து போய் விளக்கைத் தாழ்த்திவைத்து என்னைச் செய்து காட்டச் சொன்னார்கள். எனக்குக் காது சரியாக வரவில்லை.

அந்த மாலைக்குப் பிறகு, அவனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சாலை இல்லை, சுவர்.

உங்களிடம் முப்பது ஆண்டு இருக்கிறது. பொங்கல்வரை தள்ளாதீர்கள், இந்த வாரமே போங்கள். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். ஒன்றாம் வகுப்பில் உங்களுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தான், சன்னல் பக்கமா, சுவர்ப் பக்கமா?