மேடை வேண்டாம், மாவு பிசையக் கூப்பிடுங்கள்

கேள்வி: அக்கா, நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் இளைஞர் குழு. இந்தத் தீபாவளிக்குப் பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் சிலரை மேடையில் அமர்த்தி, புத்தாடையும் உணவுக்கூடையும் கொடுக்க நினைத்தோம். எங்கள் லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பிள்ளை ஒருத்தி, 14 வயது, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். விளக்குத் திருநாளுக்கு அழைத்து அவள் மனத்தை நோகடித்துவிட்டோமா? வேறு எப்படிச் செய்யலாம்?

பதில்: தம்பி, ஏன் வரவில்லை என்று அவளிடம் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. முதலில் போய்க் கேளுங்கள். அவள் அம்மாவிடம் இல்லை, அவளிடமே. அவளுக்கு மனக்கசப்பு விளக்கால் வந்திருக்காது, மேடையால் வந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஊரே பார்க்க உட்கார்ந்து, கூடையை வாங்கிக்கொண்டு படத்துக்கு நிற்க அந்த வயதில் எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்?

விளக்கை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது பார்வை உண்டு. சிலருக்கு வெளிச்சம் தெரியும், சிலருக்குக் கிட்டத்தில் நிறம் தெரியும். அகல் வரிசையைத் தாராளமாக ஏற்றுங்கள். நடக்கும் வழியில் மட்டும் வைக்காதீர்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய குறை வேறொன்று. பலர் ஏழு வயதிலேயே புக்கிட் மெர்தாஜாம், ஜொகூர் பாரு, பிறகு செத்தாப்பாக் என்று பார்வைக் குறைபாடுள்ளோருக்கான விடுதிப் பள்ளிகளுக்குப் போய்விடுகிறார்கள். விடுமுறைக்கு வீடு வந்தால், சொந்தத் தோட்டத்தில் சம வயதுக் கூட்டாளி ஒருவர்கூட இருப்பதில்லை. பெரியவர்கள் தலையைத் தடவி "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உணவுக்கூடை அந்தக் குறையைத் தீர்க்குமா? சேர்ந்து ஒரு வேலை செய்தால் தீரும்.

அதனால் நிகழ்ச்சியைத் தீபாவளி அன்று வைக்காதீர்கள். அன்று அவர்கள் குடும்பத்தோடு இருக்கட்டும். விடுமுறைக்கு வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, கோயில் மண்டபத்தில் பலகாரம் சுடக் கூப்பிடுங்கள். மாவு பதம் வந்ததா என்று விரல் சொல்லும், கண் தேவையில்லை. முறுக்கு உரலைப் பிழிவது நல்ல கைவேலை. எண்ணெயில் போட்டதும் சடசடவென்று பொரியும் சத்தம் மெல்ல அடங்கும்போது முறுக்கு வெந்திருக்கும். அதைக் காதால் கேட்டு "எடுங்க" என்று சொல்லும் பொறுப்பை அவளிடம் கொடுங்கள். அடுப்புப் பக்கம் பெரியவர் ஒருவர் நின்றால் போதும்.

கோலமும் முடியும். பலகையில் கோலத்தின் கோடுகளைச் சணல் கயிற்றால் ஒட்டிக் காயவிட்டால், விரலால் தடவி வரம்பைப் பிடித்து வண்ண அரிசியை நிரப்பலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கிண்ணம், மேலே பிரெயில் எழுத்தில் (தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்து) பெயர். பிரெயில் அவர்களுக்குத்தான் தெரியும் என்பதால் சீட்டை அவர்களே எழுதட்டும். உங்கள் பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

சத்தம் விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. யார் எங்கே நிற்கிறார், வாசல் எந்தப் பக்கம் என்பதை இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் காதால்தான் அறிகிறார்கள். ஒலிபெருக்கியைப் பக்கத்திலேயே அலறவிட்டால் அவர்களுக்குத் திசையே போய்விடும். பட்டாசு சொல்லாமல் வெடித்தால் அதைவிட மோசம். உறுமி மேளம் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் இருக்கட்டும். அடிப்பதற்கு முன் தோலைத் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள், ஆசைப்பட்டால் குச்சியையும் கொடுங்கள்.

சாப்பாட்டில், இலையைக் கடிகாரமாக வைத்துச் சொல்லுங்கள்: "பன்னிரண்டு மணிப் பக்கம் ஊறுகாய், மூன்றில் பொரியல், ஆறில் சோறு." நடக்கும்போது பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவளே பிடித்துக்கொள்வாள். பேசத் தொடங்கும்போது உங்கள் பெயரையும், எழுந்து போகும்போது போகிறேன் என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெற்று நாற்காலியிடம் பேசிக்கொண்டிருப்பாள், அது எவ்வளவு மனவேதனை! அங்பாவ் (பண உறை) கொடுப்பதானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலக் கொடுங்கள். ஒரு ரிங்கிட் தாளைவிட ஐந்து ரிங்கிட் தாள் நீளம், தொட்டே எண்ணிக்கொள்வார்கள்.

குழுவில் யாராவது "இவ்வளவு மெனக்கெடணுமா" என்று இழுத்தால், பண்பாட்டு வாழ்வில் பங்குபெறுவது மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்று நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 31-ஆவது பிரிவில் சொல்வதை எடுத்துக்காட்டுங்கள். தயவு காட்டும் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அழைப்பிதழை அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் அவர்களுக்குப் பயனில்லை. உங்கள் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு, என்ன வேலை, யார் வந்து கூட்டிப்போவார், எப்போது வீட்டில் விடுவார் என்று எல்லாவற்றையும் அதில் சொல்லுங்கள். உங்கள் லயத்துப் பிள்ளைக்கு மட்டும் நேரில் போய், "முறுக்குச் சுட ஆள் பத்தலை, வர்றியா?" என்று கேளுங்கள்.