பகலிலேயே இருட்டாக இருக்கும் அறையை எப்படி வெளிச்சமாக்குவது?

ஒரே ஒரு சின்ன ஜன்னல் உள்ள அறை என்றால், முதலில் கூரையைப் பாருங்கள். சுவருக்கு வெளிர் நிறம் அடித்துவிட்டுக் கூரையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் தரையில் பட்டுக் கூரைக்குப் போய், அங்கிருந்துதான் அறையின் உள்மூலை வரை பரவுகிறது. அதனால் கூரைக்குப் பளபளப்பில்லாத சுத்த வெள்ளைதான் என் முதல் சிபாரிசு. நல்ல வெள்ளைப் பெயின்ட் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அடர்நிறங்கள் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தரை கறுப்பாக இருந்தால் ஜன்னலோரம் ஒரு வெளிர் நிற விரிப்புப் போடுங்கள்.

அப்புறம் ஜன்னல். கண்ணாடியை இருபுறமும் துடையுங்கள். திரைக்கம்பியை ஜன்னலைவிட அகலமாக மாட்டினால், திரை ஒதுங்கும்போது கண்ணாடியை மறைக்காது. முகம் பார்க்கும் கண்ணாடி வைப்பதானால் ஜன்னலுக்குப் பக்கச் சுவரிலோ எதிரிலோ வையுங்கள். இருட்டு மூலையில் மாட்டினால் அது இருட்டைத்தான் காட்டும்.

இவ்வளவு செய்தும் போதவில்லையா? சரி, விளக்குக்கு வருவோம். வாட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள், லூமென்ஸைப் பாருங்கள்; விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு அதுதான். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமென்ஸ், எல்.இ.டி. அதை 8 முதல் 10 வாட்ஸில் தந்துவிடும். நடுவில் ஒரே பெரிய விளக்கு வேண்டாம், மூலைகள் இருட்டாகவே இருக்கும். இரண்டு மூன்று சிறிய விளக்குகளைச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள்.