வாசகர் கேள்வி – பதில்: மூன்று கவர்வழியும் ஒரே மதுரையும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘தி ரோட் நாட் டேக்கன்’ கவிதை பாடமாக உள்ளது. பிறர் செல்லாத வழியைத் தேர்ந்தெடுப்பவரே வாழ்வில் உயர்வார் என்பதுதான் அதன் கருத்து என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் இப்போதே தொடங்கிவிட்டதால், அக்கவிதையையே அவள் எனக்குச் சான்றாகக் காட்டுகிறாள். கவிதை உண்மையில் அதைத்தான் சொல்கிறதா? நம் இலக்கியத்தில் இதற்கு இணையான இடம் உண்டா?
– வாசகி, ஆர்.கே. புரம், புது டில்லி

பதில்: பழைய டில்லியின் புத்தகக் கடைத் தெருவான நயி சடக்கில் வாங்கும் உரைநூல்கள் வரை பரவிவிட்ட விளக்கம் அது, ஆனால் கவிதையின் நடுப்பகுதி அதற்கு இடம் தரவில்லை. இலை பழுத்த காட்டில் வழி இரண்டாகப் பிரிகிறது. இரண்டாம் வழியில் புல் மண்டியிருப்பதால் அதில் நடமாட்டம் குறைவு என்று தோன்றுகிறது என்று சொன்ன வாயாலேயே, நடந்தவர்களின் தேய்மானம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றும், அன்று காலை இரண்டின் மேலும் மிதிபடாத சருகுகள் ஒரேபோலக் கிடந்தன என்றும் கவிஞர் கூறிவிடுகிறார். ஆள் நடமாட்டம் குறைந்த வழியில் சென்றேன், அதனால்தான் எல்லாம் மாறியது என்னும் புகழ்பெற்ற இறுதி அடிகளோ, நெடுங்காலம் கழித்து ஒரு பெருமூச்சோடு தாம் சொல்லப்போவதாக அவரே முன்கூட்டி அறிவிக்கும் கூற்று. தெரிவுக்குக் காரணம் அந்தக் காலையில் இல்லை. முதுமையில் கதை சொல்லும்போது அது உண்டாக்கப்படுகிறது.

1915-இல் வெளிவந்த இக்கவிதை, ஆங்கிலக் கவிஞரான நண்பர் எட்வர்ட் தாமஸைக் கேலி செய்து எழுதப்பட்டது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் இருவரும் சேர்ந்து நடக்கையில், எந்த வழியில் போனாலும் மற்ற வழியில் இன்னும் நல்லதொன்றைக் காட்டியிருக்கலாமே என்று வருந்துவது தாமஸின் இயல்பு. அவரோ அதனைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு படையில் சேர்ந்த அவர், 1917-இல் முதல் உலகப் போரின் அராஸ் போர்க்களத்தில் இறந்தார். (இருந்தாலும், தேர்வில் வகுப்பில் சொன்ன விளக்கத்தையே எழுதுமாறு மகளிடம் கூறுங்கள். மதிப்பெண் வேறு, கவிதை வேறு.)

இணையான இடம், சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. உறையூரைக் கடந்து வரும் கோவலன் மதுரைக்கு வழி கேட்க, மாங்காட்டு மறையோன், சிவபெருமானின் சூலம்போல் வழி மூன்றாகக் கவர்க்கும் என்கிறான். வலப்புற வழி வறண்ட காடு கடந்து சிறுமலையை ஒட்டிச் செல்கிறது. இடப்புற வழி திருமால்குன்றத்துப் பொய்கைகளின் பக்கம் செல்கிறது. இடைவழியில் வழிப்போக்கரை மயக்கும் தெய்வம் உண்டு. ஃப்ராஸ்டின் காட்டில் வழிகளைப் பிரித்தறிய முடியவில்லை. இளங்கோவடிகளோ ஒவ்வொன்றின் மரம், மலை, இடர் வரை சொல்லிவிட்டு, மூன்றையும் மதுரையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

அப்பொய்கைகளுள் ஒன்று ஐந்திர இலக்கணத்தையும், ஒன்று பழம்பிறப்பின் அறிவையும், மற்றொன்று எண்ணியதையும் தரும் என்று மறையோன் ஆசை காட்டும்போது, வாய்மை தவறாமல் உயிர்களைப் பேணுவோர்க்கு எய்தாத பொருளும் உண்டோ என்று கேட்டு, உடன்வரும் சமணத் துறவி கவுந்தியடிகள் அவனை அனுப்பிவிடுகிறார். பின்னர் இடைவழியே செல்கையில் நீர் தேடிப் போகும் கோவலன்முன் அந்தக் கானகத் தெய்வம் மாதவியின் தோழி வயந்தமாலையின் உருவில் வந்து நிற்கிறது. புகாரில் விட்டுவந்ததாக அவன் நினைத்தது காட்டிலும் எதிர்ப்படுகிறது! அவன் மந்திரம் சொன்னதும் அது தன்னை வெளிப்படுத்திக்கொண்டு, தன் செயலைக் கண்ணகியிடமும் கவுந்தியிடமும் சொல்லிவிடாதே என்று வேண்டிவிட்டு நீங்குகிறது. இக்காப்பியத்தில் நான் மிகவும் விரும்பும் இடங்களுள் இது ஒன்று.

கொலைக்களக் காதையில் கோவலன் கண்ணகியிடம் வருந்திப் பேசும்போது, வேறு வழியில் வந்திருக்கலாமே என்ற சொல் ஒன்றுகூட இல்லை. ‘இருமுது குரவர் ஏவலும் பிழைத்தேன்’ என்றும், உனக்குச் சிறுமை செய்தேன் என்றும், ‘எழுகென எழுந்தாய் என்செய்தனை’ என்றும்தான் புலம்புகிறான். அவன் கணக்குப் பார்ப்பது நடத்தையை, வழியை அன்று. மகளின் பாடப்பிரிவைப் பற்றிய முடிவுக்கு இரு கவிதைகளும் சான்றாக வாரா. அவளுக்கு எந்தப் பாடத்தில் உழைக்க மனம் இருக்கிறது என்று அவளிடமே கேட்டுவிடலாம்.

கேள்வி: ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ என்னும் கணியன் பூங்குன்றனார், மனிதனுக்குத் தெரிவே இல்லை என்கிறாரா?
– வாசகர், மயூர் விகார், டில்லி

பதில்: உயிர் ஆற்றுநீரில் செல்லும் தெப்பம்போல் ஊழின் முறைவழிச் செல்லும் என்பது உண்மைதான். ஆயினும் புறநானூற்றின் 192-ஆம் பாடல் அங்கே முடியவில்லை. ஆகையால் பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்தல் அதனினும் செய்யோம் என்று அது மேலே செல்கிறது. வியப்பதும் இகழ்வதும் மனிதன் கையில் இருப்பதால்தான் புலவரால் அவற்றை விலக்க முடிகிறது. ‘நன்றும் பிறர்தர வாரா’ என்று தொடக்கத்திலேயே சொன்னவரும் அவர்தான்.