குளவிப் பெட்டியில் பொடி விழுந்தால்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் மூன்று வருடமாகச் சேர்த்த குளவிகள் 200 வரை இருக்கும். பெட்டியின் அடியில் காப்பித்தூள் மாதிரிப் பொடி விழுகிறது. பல்கலைக்கழகச் சேகரிப்பில் சேர்த்துத் தருகிறேன், புது இனம் இருந்தால் உங்கள் பெயரையே வைக்கலாம் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் பொடியைப் பார்ப்போம். அது எந்தக் குளவிக்கு நேர் கீழே குவிந்திருக்கிறதோ, அதன் வயிற்றை லென்ஸில் பாருங்கள். சிறு துளை தெரியும். பக்கத்தில் பழுப்பு மயிரோடு உரித்துப்போட்ட தோல் கிடக்கும். ஒரு சிறு வண்டின் புழு உள்ளிருந்து தின்கிறது. அந்துருண்டை வெளியில் இருக்கும் வண்டை விரட்டலாம், உள்ளே போன புழுவை ஒன்றும் செய்யாது. பெட்டியைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். மலைக்காற்றின் ஈரம் குளிர்ந்த இறக்கையில் பட்டால் வியர்க்கும், அப்புறம் பூஞ்சைதான்.

பணம் கொடுக்காதீர்கள். நன்கொடையாகத் தரும் மாதிரிக்குத் தரகர் எதற்கு? இப்படிக் கைமாறிய பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். குளவியைக் குத்திய ஊசியில் இருக்கும் லேபிளைப் பிடுங்கிவிட்டு வேறு பெயரில் லேபிள் குத்தியிருப்பார்கள். புது இனம் என்றால், 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி அரசு குறித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கே சேர்க்க வேண்டும். விலங்குகளுக்கு முக்கியமானது ஜூவாலஜிக்கல் சர்வே என்ற மத்திய அரசு நிறுவனம். அதன் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. நேரே எழுதுங்கள். பல்கலைக்கழகம் என்றால் விலங்கியல் துறைத் தலைவருக்கு எழுதி, பதிவு எண் கேட்டு வாங்குங்கள். பதில் வர மாதக்கணக்காகும். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள முழுநேர ஆள் போடாமல் சேகரிப்பு வைத்திருக்கிறோம் என்று பல்கலைக்கழகங்கள் சொல்வதில் என்ன அர்த்தம்? இந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார்.

லேபிள் இல்லாத குளவி ஆராய்ச்சிக்கு உதவாது. ‘சேலம்’ என்று மட்டும் எழுதினால் மலையா, அடிவாரமா? தோட்டத்தின் பெயர், உயரம், தேதி, பிடித்தவர், பிடித்த விதம் எல்லாம் வேண்டும்.

லேபிள் இல்லாத குளவி உதவாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. பிடித்த அன்றே செல்போனில் படம் எடுத்திருந்தால், அதில் தேதி இருக்கும். பல போன்களில் இடமும் பதிவாகும். ஆனால் படத்தில் இருப்பது இதே குளவிதான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். இறக்கைக் கிழிசல், ஒடிந்த கால் என ஏதாவது அடையாளம் ஒத்துப்போனால் லேபிள் எழுதலாம். அதிலும் ‘படத்தைப் பார்த்துப் பின்னர் எழுதியது’ என்று சேருங்கள். ஏற்கெனவே லேபிள் இருந்தால், அது தப்பாகவே இருந்தாலும் எடுக்காதீர்கள். திருத்தியதை அதே ஊசியில் அதன் கீழே குத்துங்கள்.